எளிய ஆங்கில விளக்கத்தை வைத்துக்கொண்டு தனியாக வேதம் படிப்பது எப்படி?

நீலகிரியில் பல கிறிஸ்தவ வீடுகளில் ஒரே கதைதான். அம்மாவுக்கு சங்கீதம் பாதி மனப்பாடம். ஆனால் "இந்த வசனத்துக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டால் "பாஸ்டரைக் கேளு" என்பார். பிள்ளை குன்னூரிலோ கோத்தகிரியிலோ இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். வீட்டில் படகர் மொழியான படுகு பேசுகிறவர்களுக்கு, கோயிலில் வாசிக்கப்படும் தமிழ் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கும்.

நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கிற தமிழ் வேதாகமம் 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு. அழகான தமிழ், அதில் சந்தேகமே இல்லை. கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகியும்விட்டது. பழகிப்போனதையே புரிந்துபோனதாக எடுத்துக்கொள்கிறோம், அங்கேதான் வம்பு.

இதற்கு ஒரு வழியாக நான் சொல்வது எளிய ஆங்கில விளக்கங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்டவை. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் போதும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இப்போது டீ ஃபேக்டரியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. விளக்கம் இரண்டாவதாகத்தான் வர வேண்டும், வசனம் முதலில். இந்தப் பதிவு முழுக்க அந்த வரிசையைப் பற்றித்தான்.

1. என்னென்ன வேண்டும்

உங்கள் தமிழ் வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு போன். அவ்வளவுதான். கூடவே 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது இன்றைய தமிழுக்கு நெருக்கமானது.

ஆங்கிலத்துக்கு நான் முதலில் சொல்வது ‘ஈஸி இங்கிலீஷ் பைபிள்’. இங்கிலாந்தில் இருக்கும் மிஷன் அசிஸ்ட் என்ற அமைப்பு இதை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. இதில் இரண்டு நிலை உண்டு. முதல் நிலையில் சுமார் 1,200 சொற்களுக்குள் எழுதியிருப்பார்கள், அடுத்த நிலையில் சுமார் 2,800 சொற்கள். வாக்கியங்கள் குட்டிக்குட்டியாக இருக்கும், மரபுத்தொடர்கள் இருக்காது. வேத வசனம் தனியாகவும், அதற்கான விளக்கவுரை தனியாகவும் கிடைக்கும். இது பிடிக்காவிட்டால் ‘குட் நியூஸ் பைபிள்’ பார்க்கலாம். 1976இல் முழுமையாக வந்தது, நடையும் சுலபம். 1611ஆம் ஆண்டு கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தில் மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். பழைய தமிழிலிருந்து தப்பிக்கப் போய் அதைவிடப் பழைய ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சிக்னல் விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். எஸ்டேட் லைனில் இருப்பவர்கள், மழைக்காலத்தில் மூன்று நாள் டவரே எடுக்காத ஊர்க்காரர்கள் எல்லாம் டவுனுக்கு வரும்போதே அந்த வாரத்துக்கான பக்கங்களை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். காகிதம்தான் என் கட்சி. ஓரத்தில் எழுதலாம், நடுவில் வாட்ஸப்பும் வராது.

2. மாற்குவில் ஆரம்பியுங்கள்

ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் படுத்துவிட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். மாற்கு 16 அதிகாரம்தான். நான்கு சுவிசேஷங்களிலும் சின்னது, கதை வேகமாக ஓடும். முதல் நாள் முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடியும். புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சம்பவம்.

3. விளக்கத்தை மூடி வைத்துவிட்டு மூன்று கேள்விகள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு பகுதியை எடுத்துச் செய்தே காட்டுகிறேன்: மாற்கு 4ஆம் அதிகாரம், 35 முதல் 41 வரை. கடலில் புயல் அடிக்கிற சம்பவம்.

முதல் கேள்வி: யார், எங்கே, எப்போது? வசனத்திலேயே பதில் இருக்கிறது. இயேசு, சீஷர்கள், படவு, சாயங்காலம், அக்கரைக்குப் போகிற பயணம். இன்னொன்றும் இருக்கிறது, வேறே படவுகளும் கூடவே போயின. ஞாயிறு பள்ளிப் படங்களில் ஒரே ஒரு படகுதான் வரைந்திருப்பார்கள், அதனால் நம் கண்ணில் இது படுவதே இல்லை.

இரண்டாவது: சாதாரணமாக இருந்தால் எழுதியிருக்கத் தேவையில்லாத விவரம் எது? எங்கள் பக்கத்து லைனில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவோடு இந்தப் பகுதியைப் படித்தபோது, 38ஆம் வசனத்தில் அவர் நிறுத்தினார். "கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்" என்று வாசித்துவிட்டு, "இரு இரு, படகுல தலையணையா? அதை எதுக்கு எழுதி வெச்சிருக்காங்க?" என்றார். அருமையான கேள்வி. நோட்டில் அப்படியே எழுதச் சொன்னேன். பின்னணியம் என்றால் என்ன என்பது அவருக்கும் தெரியவில்லை. அதையும் கீழே எழுதிக்கொண்டார்.

மூன்றாவது: யார் எப்போது மாறுகிறார்கள்? பயத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். புயலில் பயந்தார்கள் என்று நினைப்போம். ஆனால் "மிகவும் பயந்து" என்ற வார்த்தை வருவது 41ஆம் வசனத்தில், காற்று அடங்கி எல்லாம் அமைதியான பிறகு. அவர்கள் வாயில் வருவதும் நன்றி இல்லை, "இவர் யாரோ?" என்ற கேள்வி.

இவ்வளவும் எந்த விளக்கவுரையும் இல்லாமல் கிடைத்தது. விளக்கத்தை முதலிலேயே திறந்திருந்தால் தலையணை பற்றிய கேள்வி பிறந்திருக்காது. வேறொருவர் எதை முக்கியம் என்றாரோ அதையே நாமும் பார்த்துவிட்டு மூடியிருப்போம்.

4. இப்போது எளிய ஆங்கிலத்தைத் திறக்கலாம்

முதலில் வசனத்தை மட்டும் ஆங்கிலத்தில் படியுங்கள். பின்னணியம் என்பது படகின் பின்பக்கம் என்று அங்கே ஒரே நொடியில் தெரிந்துவிடும். அதன்பிறகு விளக்கவுரை. உங்கள் நோட்டில் இருக்கும் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் டிக், கிடைக்காவிட்டால் கேள்விக்குறி. கேள்விக்குறி நிறைய விழுந்தால் தப்பில்லை.

தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் உடனே போனில் மொழிபெயர்ப்பைத் தட்டாதீர்கள். அந்த விளக்கவுரைகளில் கடினமான சொற்களுக்கு அவர்களே பொருள் தந்திருப்பார்கள். அதை முதலில் பாருங்கள். முழுப் பத்தியையும் இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கிப் படிப்பது வீண் வேலை. புரிந்த மாதிரியும் இருக்கும், புரியாத மாதிரியும் இருக்கும்.

5. மேப் பாருங்கள், உயரம் பாருங்கள்

மலைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. கலிலேயாக் கடல் என்பது உண்மையில் ஒரு ஏரி. சுமார் 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 210 மீட்டரில் கிடக்கிறது. சுற்றிலும் மேடு. வடக்கே 2,814 மீட்டரில் எர்மோன் மலை, நம் தொட்டபெட்டாவைவிட (2,637) உயரம். மேலேயிருந்து குளிர்ந்த காற்று கீழே இருக்கிற வெப்பத்துக்குள் சரேலென்று இறங்கும். சாயங்காலத்தில் காற்று பள்ளத்தாக்கில் இறங்கி ஓட்டுக்கூரையைத் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 1986இல் அந்த ஏரிக்கரைச் சேற்றிலிருந்து ஏறக்குறைய இயேசுவின் காலத்துப் படகு ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். நீளம் 8 மீட்டர் சொச்சம், அகலம் 2.3 மீட்டர். அந்த அளவு படகில் அலை ஏறினால் எப்படியிருக்கும் என்று யோசித்துவிட்டு 37ஆம் வசனத்தைத் திரும்பப் படியுங்கள்.

இதே மாதிரி லூக்கா 10இல் ஒருவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப்போகிறான். நிஜமாகவே இறக்கம்தான், சுமார் 1,000 மீட்டர். நம் மலை ரயில் 46 கிலோமீட்டரில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. பர்லியார் வழியாகப் போய் வருகிறவர்களுக்கு, ஆள் நடமாட்டமில்லாத வளைவுகளில் கள்ளர் கையில் அகப்படுவது என்றால் என்ன என்று சட்டென்று பிடிபடும்.

6. முன்னும் பின்னும் வாசியுங்கள்

அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் போட்டது. புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல்தான் வந்தன. எழுதியவர்கள் எண் போட்டு எழுதவில்லை. ஆனால் நாமோ டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, ஒற்றை வசனத்தை வருஷம் முழுக்க ஃப்ரிட்ஜில் ஒட்டி வைக்கிறவர்கள். அட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் எடுப்பேன். எடுத்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் படித்துவிடுங்கள் என்கிறேன்.

அட்டையில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வரும் வசனம். இப்போது முதல் வசனத்திலிருந்து படியுங்கள். அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். ஐந்தாம் வசனத்தில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்கிறார். பத்தாம் வசனத்தில், ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்று வருகிறது.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய ஒரு தாத்தா இதைக் கேட்டுவிட்டு, "எழுபதா? அப்படின்னா கடிதத்தை வாசிச்சப்ப அங்க நின்ன பெரியாளுங்க ஒருத்தரும் திரும்பிப் போயிருக்க மாட்டாங்களே தம்பி" என்றார். இந்தக் கணக்கை எந்த விளக்கவுரையும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அந்த வாக்கு யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று பார்த்தபின்பு 11ஆம் வசனத்தின் எடையே வேறு.

7. உங்கள் தமிழில் எழுதுங்கள்

கடைசியில் அந்தப் பகுதி என்ன சொல்கிறது என்று நாலைந்து வரி. வேதத் தமிழும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி. படுகு பேசுகிறவர்கள் அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாம், யார் கேட்கப்போகிறார்கள்? எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு பேராகச் செய்வது சுகம். பிள்ளை எளிய ஆங்கிலத்தை வாசிக்கட்டும், அம்மா தமிழை வாசிக்கட்டும். எங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகள் கழுகு மாதிரிப் பிடிப்பார்கள்.

விளக்கங்கள் முட்டிக்கொண்டால்

முட்டிக்கொள்ளும். எந்த விளக்கவுரையும் ஏதோ ஒரு சபைப் பின்னணியிலிருந்துதான் எழுதப்படுகிறது. ஞானஸ்நானம், திருவிருந்து, கடைசிக் காலம் போன்ற விஷயங்களில் இது பளிச்சென்று தெரியும். கத்தோலிக்கர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்களுடைய திருவிவிலியத்தில் 73 நூல்கள். எளிய ஆங்கில விளக்கங்களில் பெரும்பாலானவை 66 நூல்களோடு நின்றுவிடும். தோபித்து, மக்கபேயர் போன்றவற்றுக்குப் பங்கில் கேட்டு வேறு உரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்கு 16இல் எட்டாம் வசனத்துக்குப் பிறகு ஒரு குறிப்பு போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இரண்டில் அந்தப் புத்தகம் எட்டாம் வசனத்தோடு முடிகிறது, அதைத்தான் சொல்கிறார்கள். ஒளித்து வைக்காமல் குறிப்பு போடுகிற பதிப்பு நல்ல பதிப்பு.

தீராத கேள்விக்குறிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்து வையுங்கள். பாஸ்டரையோ பங்குத்தந்தையையோ பார்க்கும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். பத்தையும் ஒரே மூச்சில் கொட்டினால் "ஜெபம் பண்ணுங்கம்மா" என்று அனுப்பிவிடுவார்கள்.

மாற்கு முடிந்த பிறகு

லூக்கா, அதையடுத்து அப்போஸ்தலர் நடபடிகள்; இரண்டும் தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு எழுதப்பட்டவை, ஒட்டுமொத்தமாகப் படித்தால்தான் ருசி. அப்புறம் ஆதியாகமம், யாத்திராகமத்தின் முதல் 20 அதிகாரம். சங்கீதத்தை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. மாற்கு 4 படித்த வாரத்தில் 107ஆம் சங்கீதம் 23 முதல் 30 வரை படித்துப் பாருங்கள், சீஷர்கள் ஏன் அப்படிப் பயந்தார்கள் என்று விளங்கும். வெளிப்படுத்தின விசேஷத்தை மட்டும், தானியேல், எசேக்கியேல், சகரியா மூன்றையும் முடிக்காமல் தொடாதீர்கள். அதில் வரும் மிருகங்களும் குதிரைகளும் அளவுகோலும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான்.