ஓய்வுபெற்ற கடலோடியின் துறைமுக நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

வணிகக் கப்பல்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரிடம் "உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அவர் பெரும்பாலும் ஒரு புயலில்தான் தொடங்குவார். பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய அந்தக் கதையைக் குடும்பத்தில் யாராவது நினைவில் வைத்திருப்பார்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு, உள்ளே கப்பல் நிற்க இடத்துக்காகக் காத்திருந்த நாட்கள், சரக்குத் தூக்கும் விஞ்சுகளின் இரைச்சலில் தூங்கிப் பழகிய இரவுகள், கப்பலிலிருந்து இறங்கும் படியான கேங்வேயிலிருந்து துறைமுக வாயில்வரை நடந்த பாதை ஆகியவற்றை எவரும் கேட்பதில்லை. கேட்காததால் அவரும் சொல்வதில்லை. பதிவு செய்யப் புறப்படுபவர் தேட வேண்டியது இவற்றைத்தான்.

முதல் சந்திப்பில் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்காதீர்கள். அவருடைய பணிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் என்றும் சி.டி.சி. என்றும் வழங்கும் அதில், எந்தக் கப்பலில், எந்தப் பதவியில், எந்த நாளில், எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எங்கே இறங்கினார் என்பது வரிசையாகப் பதிந்திருக்கும். கடலோடிகளின் நினைவு ஆண்டுகளின்படி அடுக்கப்படுவதில்லை, கப்பல்களின்படியே அடுக்கப்படுகிறது. "அது எந்த வருடம்?" என்ற கேள்விக்குத் தயங்குபவர், "அப்போது எந்தக் கப்பலில் இருந்தீர்கள்?" என்றால் உடனே விடை சொல்வார். இதை அறியாமல் என் முதல் பேட்டி முழுவதையும் ஆண்டு கேட்டே வீணடித்தேன். ஆகவே புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு கப்பலுக்கு ஒரு தாள் என்று ஒதுக்கிக்கொண்டு, பேட்டியை அந்தத் தாள்களின் வரிசையில் நடத்துங்கள்.

கப்பலின் பெயரை மட்டும் நம்ப முடியாது. கைமாறும்போதெல்லாம் பெயர் மாறுவது கப்பல்களின் இயல்பு. 1987இல் ஏற்கப்பட்டு 1996 முதல் கட்டாயமான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண், பெயரும் கொடியும் மாறினாலும் அந்தக் கப்பலோடு கடைசிவரை இருக்கும். அதற்கு முந்தைய கப்பல்களுக்குப் பதிவுத் துறைமுகத்தில் வழங்கிய எண் உதவும். 1764 முதல் வெளிவரும் லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டின் பழைய தொகுதிகள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கப்பல் கட்டிய ஆண்டு, கொள்ளளவு, உரிமையாளர் ஆகியவற்றை அவற்றில் சரிபார்க்கலாம். இந்த வேலையைப் பேட்டிக்கு முன்பே முடித்துவிட்டால், பழைய கப்பலின் படம் ஒன்றையும் கையோடு கொண்டுபோகலாம். படத்தைக் கண்டதும் அவர் விரல் நேராகத் தன் அறையின் சன்னலுக்குப் போகும்.

பேட்டியின் நடுப்பகுதிக்கு நான் பின்பற்றும் முறை எளியது. ஒரே ஒரு துறைமுக வருகையை எடுத்துக்கொண்டு, நங்கூரம் போட்டது முதல் கயிறு அவிழ்த்தது வரை வரிசையாகச் சொல்லவைப்பேன். நோயில்லை, நுழைவு அனுமதி வேண்டும் என்று அறிவிக்கும் மஞ்சள் கொடி எப்போது ஏறியது? துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் எந்தப் பக்கம் ஏறினார்? சுங்க அதிகாரிகள், வரியில்லா மதுவும் சிகரெட்டும் வைக்கும் பாண்டு அறைக்கு முத்திரை வைக்கும்போது எவரெல்லாம் முகம் சுளித்தார்கள்? யார் முதலில் கரையிறங்கினார்கள், கேங்வேயருகே கரும்பலகையில் திரும்ப வேண்டிய நேரம் என்ன எழுதியிருந்தது, நீலத்தில் வெள்ளைச் சதுரம் வைத்த புறப்பாட்டுக் கொடி ஏறியபோது இன்னும் திரும்பாதவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர் தன்னையறியாமல் குறிப்பிட்ட ஒரு மாலைக்குள் நுழைந்துவிடுவார். அப்போது ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கப்பல் நின்ற இடத்திலிருந்து வாயில்வரை வரையச் சொல்லுங்கள். கிடங்குகளும் தண்டவாளங்களும் தேநீர் குடித்த இடமும் கடிதம் போட்ட இடமும் அந்தக் கோடுகளுக்குள் வந்து சேரும். சரக்கின் மணத்தையும் கேளுங்கள். பதப்படுத்தாத தோல், கொப்பரை, மீன்தூள், கந்தகம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு துறைமுகத்தை எழுப்பிவிடும்.

துறைமுகம் எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கடலில் நான்கு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்ற முறையில் வாழும் இயந்திர அறையினருக்குக் கரை என்பது பெரும்பாலும் ஓய்வன்று. ஓடும்போது திறக்க முடியாத இயந்திரத்தைத் திறந்து பழுதுபார்க்க வேண்டிய நேரம் அது. மேல்தள அதிகாரி சரக்கு இறங்குவதைக் கவனித்தபடி சரக்கறை வாயிலான ஹேட்ச் அருகே நின்றிருப்பார், தள மாலுமிகளின் தலைவரான போசன் சரக்குத் தூக்கும் டெரிக்குகளையும் கயிறுகளையும் பார்த்துக்கொண்டிருப்பார், சமையற்காரர் காய்கறி பேரத்தில் இருப்பார். எல்லாரிடமும் ஒரே கேள்விப் பட்டியலை நீட்டினால் பாதிப் பேரிடம் வெற்றுப் பதில்தான் கிடைக்கும். முடிந்தால் மனைவியையும் தனியே கேளுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்கு வந்து சேர்ந்த விதமும், ஏஜண்டு அலுவலகம் வழியாகக் கடிதங்கள் கப்பலைத் துரத்திய கதையும் அவரிடம்தான் இருக்கும்.

காலத்தைப் பொருத்திப் பார்க்கச் சில வரலாற்று அடையாளங்களைக் கைவசம் வைத்திருங்கள். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே சரக்குக் கப்பலில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதாகச் சொன்னால், அது சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த 1967 சூன் முதல் 1975 சூன் வரையிலான காலமாக இருக்க வாய்ப்புண்டு. கால்வாய்க்குள் அடங்காத பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மோர்ஸ் ஒலியோடு தனி வானொலி அதிகாரி இருந்தார் என்றால், புதிய அவசரத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்த 1999 பிப்ரவரிக்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நண்பர்களும் வியாபாரிகளும் தடையின்றிக் கப்பலேறினார்கள் என்றால், 2004 சூலையில் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் இறுகுவதற்கு முன்பு நடந்திருக்கும். எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் கண்டெய்னர்தான். 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை ஏற்றிச் சென்றது. அந்த முறை பரவிய இடங்களிலெல்லாம், மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்கிய நாட்களும் வாரங்களும் மணிக்கணக்காகச் சுருங்கின, கப்பல்தளங்கள் ஊரைவிட்டுத் தள்ளிப்போயின. இரண்டையும் கண்டவர் கிடைத்தால், முதன்முதலாக ஊரைப் பார்க்காமலேயே ஒரு துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டது எப்போது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல கேள்வி இல்லை.

கடத்தல், குடி, கப்பலைவிட்டு ஓடியவர்கள், சரக்கறையில் நேர்ந்த சாவுகள் ஆகியவையும் பேச்சில் வரும். அவர் கையசைத்தால் பதிவை நிறுத்துங்கள். உயிரோடிருப்பவர்களின் பெயர்களை எழுத்துப்படியில் மறைத்துவிடுங்கள். யார் கேட்கலாம், எப்போது வெளியிடலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவின் தொழில்நுட்பம் குறைவானதே: இரண்டு கருவிகள், மின்விசிறியிலிருந்து விலகிய இருக்கை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்படாத அமர்வு, வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகள். இயந்திர அறையில் பணியாற்றியவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது வழக்கம் என்பதால், உங்கள் உதடுகள் தெரியும்படி எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள். பழைய தோழர் ஒருவரையும் சேர்த்து உட்காரவைக்க விரும்பினால், இருவரையும் முதலில் தனித்தனியே கேட்டுவிடுங்கள். சேர்ந்துவிட்டால் உரத்த குரல்காரரின் நினைவே இருவரின் நினைவாகிவிடும்.

எழுத்தாக்கும்போது செராங் (மாலுமித் தலைவர்), டாலி (சரக்கு எண்ணிக்கை), ஸ்லிங் (சரக்கைத் தூக்கும் கயிற்றுக் கட்டு), டன்னேஜ் (சரக்குக்கு அடியில் இடும் பலகை) ஆகிய சொற்களை அவர் உச்சரித்தபடியே வைத்து, பொருளைத் தனிப் பட்டியலில் கொடுங்கள். ஆண்டோ பெயரோ பிழையாக இருந்தாலும் அவர் வாக்கியத்தைத் திருத்தாமல், சரியான தகவலைப் பக்க ஓரத்தில் குறியுங்கள். பிறகு பெரிய எழுத்தில் அச்சிட்டு, இருபுறமும் அகலமாக இடம் விட்டு, ஒரு பேனாவோடு அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் அந்த ஓரங்கள் நிறைந்திருக்கும். இரண்டாவது பேட்டிக்கான கேள்விகளை அங்கிருந்து எடுக்கலாம்.