கணினி மாதிரி சொன்னதும் களத்தில் நடந்ததும்: சேலத்தை வைத்துச் சில தவறுகள்

ஒரு மேம்பாலம் கட்டினால் நெரிசல் எந்தச் சந்திப்புக்கு நகரும், ஒரே இரவில் கனமழை கொட்டினால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பன போன்ற கேள்விகளை, சிமெண்டும் கம்பியும் வாங்குவதற்கு முன்பே கணினியில் கேட்டுப் பார்ப்பதற்காகச் செய்யப்படுபவை சிமுலேஷன் மாதிரிகள். சேலம் போன்ற நகரங்களில் இவை பிழையான விடை தருவதற்குச் சமன்பாடுகள் காரணமாக இருப்பது அரிது. மென்பொருளோடு பொதிந்து வந்த எண்களை நம் ஊர் எண்கள் என்று நம்பிவிடுவதே பெரும்பாலும் காரணம்.

போக்குவரத்து மென்பொருள்கள் பலவற்றின் அடிப்படை, ஒரு வண்டி முன்னே செல்லும் வண்டியைத் தன் தடத்திலேயே பின்தொடரும் என்பது. ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு விழுந்ததும் நடப்பதைச் சற்று நின்று பார்த்தால் போதும்: பேருந்துக்கும் லாரிக்கும் இடையிலுள்ள சந்தில் நுழைந்து இருசக்கர வண்டிகளெல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன, பச்சை விழுந்ததும் கொத்தாகக் கிளம்புகின்றன. இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட வழிகாட்டி, இருசக்கர வண்டிகள் மொத்தப் போக்குவரத்தில் 5 விழுக்காடாக இருந்தால் ஒரு வண்டியை 0.5 காராகவும், 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 0.75 காராகவும் கொள்ளச் சொல்கிறது. அதாவது, ஒரே வண்டிக்கு எல்லாச் சாலையிலும் ஒரே மதிப்பு கிடையாது. ஊர் முழுவதற்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு விடையில் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுவதில் பொருளில்லை.

எண்ணும் நாளும் முக்கியம். சந்தை கூடும் கிழமையையே பெயராகக் கொண்ட செவ்வாய்ப்பேட்டையில் ஒரு புதன்கிழமை மட்டும் வண்டிகளை எண்ணிவிட்டு, அதை 'வழக்கமான நாள்' என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

இதைவிட ஆழமான பிழை ஒன்று, காலையில் வீட்டிலிருந்து வேலைக்கும் மாலையில் வேலையிலிருந்து வீட்டுக்கும் மக்கள் போகிறார்கள் என்ற அனுமானம். சேலத்தின் அம்மாப்பேட்டை, குகை என்ற பகுதிகளில் தறி வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது; கொலுசுப் பட்டறைகள் பலவும் குடியிருக்கும் வீட்டின் முன்னறைதான். அங்கே வேலைக்குப் போகிறவர் வாசலைத் தாண்டுவதில்லை, ஆனால் பாவும் நூலும் சேலைக் கட்டும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் நாள் முழுவதும் போய்வருகின்றன. வீட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'பணியிடம் எங்கே' என்று மட்டும் கேட்டால் இந்தப் பயணங்கள் ஒன்றுகூட மாதிரிக்குள் வராது. அதை நம்பி அந்தத் தெருக்களில் சரக்கு ஏற்றி இறக்க இடம் விடாமல் சாலையை வடிவமைத்துவிடுவார்கள்.

வெள்ள மாதிரிகளில் முதல் தவறு, மாநகராட்சி எல்லையோடு வரைபடத்தை வெட்டிவிடுவது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் வருகிறது. மலை உச்சிக்கும் நகருக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு உண்டு. ஏற்காட்டில் பெய்யும் மழையோ நகரில் பெய்வதைவிட மிக அதிகம். நகரின் மழைமானியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வானம் வெளுத்த பிறகு மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கணக்கில் இருக்காது. அடுத்தது நில உயரம். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள், விண்கல உயரத் தரவுகள், 2000-ல் விண்கல ரேடார் எடுத்தது உட்பட, ஏறத்தாழ 30 மீட்டர் கட்டங்களால் ஆனவை. அவற்றில் கூரையும் மர உச்சியும் தரையாகப் பதிவாகியிருக்கும். சில மீட்டர் பிழை சாதாரணம். தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை முடிவு செய்வதோ ஒரு சாண் உயரம். மூன்றாவது, வடிகாலை வரைபடத்தில் உள்ளபடி எடுத்துக்கொள்வது. மூன்றடிச் சாக்கடையில் இரண்டடி வண்டல் படிந்து, அதன்மேல் வண்டி ஏற்ற ஆளுக்கொரு கான்கிரீட் சாய்தளமும் போட்டிருக்கும்போது, வழவழப்பான கான்கிரீட்டுக்குரிய 0.013 என்ற உராய்வுக் கெழுவை (வடிகாலின் பரப்பு தண்ணீரின் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) இடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. கடப்பாரையும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு பத்து இடங்களில் சாக்கடை மூடியைத் திறந்து பார்ப்பது, விலையுயர்ந்த மென்பொருளைவிட இங்கே அதிகம் உதவும் என்பது என் கருத்து.

மக்கள்தொகை விஷயத்தில் நகராட்சிகளைக் குறை சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் சுமார் 8.29 லட்சம் பேர் இருந்தனர். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. பழைய எண்ணை எல்லா வார்டுக்கும் ஒரே விகிதத்தில் பெருக்காமல், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றின் வளர்ச்சியை வைத்து வார்டுவாரியாகத் திருத்த வேண்டும்.

அப்படித் திருத்தாமல் விடுவதும், திருத்தியதை அறிக்கையில் சொல்லாமல் விடுவதுமே தவறு. எந்தத் தரவைக் கொண்டு மாதிரியைப் பொருத்தினோமோ அதே தரவைக் கொண்டு 'சரிபார்த்தோம்' என்று எழுதுவதும் இதே வகை. தேர்வில் வினாத்தாளை முன்பே கொடுத்ததற்குச் சமம். ஒரு மழைக்குப் பொருத்தியதை வேறொரு மழையில் சோதிக்க வேண்டும். தண்ணீர் முழங்கால் வரை வந்ததா, இடுப்பு வரை வந்ததா என்று அந்தத் தெருக்காரர்கள் சுவரில் காட்டும் கறையும் நல்ல சான்றுதான்.

விடையை ஒற்றை எண்ணாகக் கேட்பது அதிகாரிகள் தரப்புத் தவறு. '2040-ல் இந்தச் சந்திப்பில் எத்தனை வண்டி' என்ற கேள்விக்கு மாதிரியால் நேர்மையாகப் பதில் தர இயலாது. சாலையை அகலப்படுத்துவது, பேருந்துகளைக் கூட்டுவது என்ற இரண்டில் எது அதிகம் உதவும் என்ற கேள்விக்கு ஓரளவு முடியும். அகலமான சாலை புதிய வண்டிகளையும் புதிய மனைப்பிரிவுகளையும் இழுக்கும் என்பதையும் அந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். பெரிய மாதிரிகள் தரவை விழுங்குகின்றன, செலவு பிடிக்கின்றன, உள்ளே நடப்பது யாருக்கும் புரிவதில்லை என்று அமெரிக்காவில் நகரத் திட்டமிடல் ஆய்வாளர் டக்ளஸ் லீ 1973-லேயே எழுதினார்.

கடைசியாக ஒப்பந்தம். ஆலோசனை நிறுவனம் வண்ணப் படங்கள் நிறைந்த அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். உள்ளீட்டுக் கோப்புகள் அதனிடமே தங்கிவிடும். அடுத்த ஆண்டு ஓர் ஏரிக்கரை உயர்ந்தால் மாதிரியை மீண்டும் ஓட்ட மாநகராட்சிப் பொறியாளரிடம் எதுவும் இருக்காது. கோப்புகளை ஒப்படைப்பதையும், இரண்டு பொறியாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் டெண்டர் நிபந்தனையிலேயே எழுதிவிடலாம். மழைநீர் வடிகாலுக்கான எஸ்.டபிள்யூ.எம்.எம். போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைப்பதால், உரிமக் கட்டணம் இதற்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை.