முதல் நைட் டியூட்டிக்கு போற தங்கச்சிமாருக்கு

34 வருஷம் கொழும்புல கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வார்டுகள்ல நிண்டுட்டு இப்ப பென்ஷன்ல வெள்ளவத்தையில இருக்கிறன். அக்காட மகள் நேர்சிங் முடிச்சு அடுத்த கிழமை முதல் நைட், "சின்னம்மா தனிய நிக்க பயமா இருக்கு" எண்டாள், அவளுக்கு சொன்னதைத்தான் இங்க எழுதுறன். டெங்கு ஆக்களை வச்சே சொல்றன், ஏனெண்டா அதுல அசட்டையா இருந்தா விடியிறதுக்குள்ள தெரிஞ்சிடும்.

பின்னேரம் 7 மணிக்கு போன உடனே டிக்கெட்டை, அதான் நோயாளிட விபரம் எழுதுற குறிப்பை, தூக்காதீங்க. முதல்ல கட்டில் கட்டிலா போய் ஆளை பாருங்க, பாதத்தை தொட்டு பாருங்க, நகத்தை அமத்தி விட்டா நிறம் 2 செக்கனுக்குள்ள திரும்புதா எண்டு பாருங்க. கால் குளிர்ந்து கிடந்தா டிக்கெட்ல என்ன எழுதியிருந்தாலும் அந்தாள்தான் உங்கட முதல் ஆள்.

டெங்குல எல்லாரும் ஏமாறுற இடம் காய்ச்சல் விடுற நேரம். மூண்டாம் நாளுக்கு பிறகு காய்ச்சல் இறங்கும், பிள்ளை கண்ணை முழிச்சு பாக்கும், தாய் சாமான் கட்டிட்டு "மிஸ், நாளைக்கு துண்டு வெட்டி வீட்ட விடுவாங்களா" எண்டு கேப்பா. அப்பதான் ரத்தக்குழாயில இருந்து தண்ணி கசிய தொடங்கலாம், தொடங்கினா 24லிருந்து 48 மணித்தியாலம் கண் மூட ஏலாது. பிரஷர் 100/80 எண்டா புதுசா வந்த பிள்ளைகள் மேல 100 இருக்குதானே எண்டு அடுத்த கட்டிலுக்கு போயிடுவாங்க. ரெண்டையும் கழிச்சு பாருங்க, வித்தியாசம் 20தான், அது ஷொக், உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாம போகுது, நடந்து போகாம ஓடிப்போய் டொக்டரை எழுப்புங்க, அவர் முகத்தை சுழிச்சா சுழிக்கட்டும்.

சலம் (மூத்திரம்) அளக்கிறதை அட்டெண்டன் சொன்னாரெண்டு எழுதாதீங்க, போத்தலை நீங்களே பாருங்க. 50 கிலோ ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 25 மில்லிக்கு குறைய போனா சொல்லியே ஆக வேணும். சேலைனும் அப்படித்தான், 500 மில்லி 4 மணித்தியாலத்துல போக வேணுமெண்டா 20 துளிக்கு ஒரு மில்லி வாற செட்ல நிமிஷத்துக்கு 42 துளி, மணிக்கூட்டை பாத்து எண்ணுங்க, டெங்குல சேலைன் அளவுக்கு மிஞ்சி போனாலும் நெஞ்சுல தண்ணி கட்டும். சிவப்பு, பிறவுன் நிறத்துல குடிக்க குடுக்க விடாதீங்க, சத்தி எடுத்தா ரத்தமா ஜூசா எண்டு விளங்காது.

இன்னொண்டு, பாஷை. வார்டு முழுக்க சிங்களத்துல ஓடும், தோட்டப்பக்கத்தால வந்த அம்மா எதை கேட்டாலும் தலையாட்டுவா. "சலம் போனதா" எண்டு கேட்டாலும் அவவுக்கு விளங்காது, "கடைசியா எத்தனை மணிக்கு ஒண்ணுக்கு போனீங்கம்மா" எண்டு கேளுங்க. ஓம், இல்லை எண்டு முடியிற கேள்வியே கேக்காதீங்க.

இதெல்லாம் நான் சும்மா படிக்கேல்ல. ரெண்டாவது வருஷம் ஒரு நைட்ல அலுப்புல எல்லாருக்கும் மூச்சு 20, 20 எண்டு எண்ணாமலே நிரப்பிட்டன், விடிய ரவுண்ட் வந்த டொக்டர் ஒரு அம்மாட பக்கத்துல நிண்டு முழு நிமிஷமும் எண்ணினார், 36. அவர் ஏசியிருந்தா கொஞ்சம் ஆறியிருக்கும், ஒண்டும் சொல்லாம என்ட 20ஐ வெட்டிட்டு 36 எண்டு எழுதினார். அந்த அம்மா தப்பிட்டா. எனக்கு அந்த வெட்டு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

2017ல நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு, எங்கட வார்டுல கட்டிலுக்கு கீழயும் ஆள், எல்லாரையும் நேரத்துக்கு பாக்க ஏலாமத்தான் போனது. அப்படியான இரவு உங்களுக்கும் வரும். பாக்காத நேரத்து பெட்டியை வெறுமையா விட்டு "மற்ற கட்டில்ல நிண்டன்" எண்டு பக்கத்துல எழுதுங்க, மேட்ரன் கேட்டா கேக்கட்டும். காலையில 7 மணிக்கு பாரம் குடுக்கேக்க மேசையில நிண்டு வாசிக்காதீங்க, வாற பிள்ளையை கட்டிலடிக்கு கூட்டிட்டு போய் நீங்க தொட்டு பாத்த பாதத்தை அவளையும் தொட்டு பாக்க சொல்லிட்டு பிறகு பஸ் பிடிங்க.