ஆளுக்கு ஒரு ஹாலண்ட் கிடையாது: ஃபேன்டஸி டிராஃப்டுக்குத் தயாராவது எப்படி?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்குப் புள்ளி வாங்கும் ஆன்லைன் ஆட்டம் ஃபேன்டஸி பிரீமியர் லீக். அதன் வழக்கமான ஆட்டத்தில் கோலடி மன்னன் ஹாலண்டை ஊரே வைத்துக்கொள்ளலாம். முறைவைத்து ஆள் எடுக்கும் டிராஃப்ட் ஆட்டத்தில், ஒரு லீக்குக்குள், அதாவது சேர்ந்து ஆடும் ஒரு குழுவுக்குள், ஓர் ஆட்டக்காரர் ஒருவருக்கு மட்டும்தான். பட்ஜெட் இல்லை, கேப்டன் இல்லை. ஈரோட்டு மஞ்சள் ஏலம் மாதிரி விலை கூட்டிக் கேட்கவும் முடியாது. உங்கள் முறை வந்ததும் ஒருவரை எடுக்க வேண்டியதுதான். இலவச ஆட்டம், பங்காளிகளோடு பணம் கட்டி ஆடும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

முதல் வேலை, நாள் குறிப்பது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்க வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் ஏதுங்க? குறித்த நொடிகளுக்குள் எடுக்காவிட்டால் தளமே ஓர் ஆளை எடுத்துப் போட்டுவிடும். அதனால் வாட்ச்லிஸ்ட்டை முன்னாலேயே நிரப்பி, வேண்டிய வரிசையில் அடுக்கி வையுங்கள். நெட் போனாலும் அந்தப் பட்டியல் கைகொடுக்கும்.

அடுத்தது கணக்கு. பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். ஒவ்வொருவரும் 15 பேரை எடுக்க வேண்டும்: 2 கோல்கீப்பர், 5 டிஃபென்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வேர்டு. உங்கள் லீக்கில் எட்டுப் பேர் என்று வையுங்கள். மொத்தம் 16 கோல்கீப்பர்கள் போவார்கள். பிரீமியர் லீக்கில் 20 கிளப். ஆளுக்கொரு முதல்நிலை கோல்கீப்பர். கடைசியில் எடுத்தாலும் யாராவது கிடைப்பார்கள், அவசரமே வேண்டாம். டிஃபென்டர்கள் 40 பேர் போனாலும் வாராவாரம் ஆடுகிறவர்கள் இன்னும் அவ்வளவு பேர் மிச்சம் இருப்பார்கள். ஃபார்வேர்டு கதை வேறு. தேவை 24, பெரும்பாலான கிளப்புகள் முன்னால் ஒருவரைத்தான் நிறுத்துகின்றன. அதாவது எல்லோருக்கும் மூன்று நல்ல ஃபார்வேர்டு கிடைக்கவே கிடைக்காது. களத்தில் ஒரு ஃபார்வேர்டு இருந்தாலே விதிப்படி போதும். எனவே முதல் சில சுற்றுகளில் இரண்டு பேரைப் பிடித்துவிடுங்கள், மூன்றாவது ஆள் யாராக இருந்தால் என்ன!

எடுக்கும் வரிசை பாம்பு மாதிரி திரும்பி வரும். எட்டுப் பேரில் முதல் ஆளுக்கு 1, 16, 17. கடைசி ஆளுக்கு 8, 9, அப்புறம் 24. முதலிடம் கிடைத்தால் கொண்டாட்டம்தான், ஆனால் அடுத்த முறை வருவதற்குள் 14 பேர் போயிருப்பார்கள். கடைசி இடத்தில் இருப்பவர்கள் ஒருவரை யோசிக்காமல் ஜோடியாக யோசிக்க வேண்டும்.

புள்ளிகள்: கோலுக்கு ஃபார்வேர்டு 4, மிட்ஃபீல்டர் 5, டிஃபென்டர் 6. 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி, இந்தியக் கிளப் கால்பந்துப் போட்டியான ஐ-லீக்கை வென்ற ஆட்டத்தில் டிஃபென்டர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். இந்தக் கணக்கில் அது 12 புள்ளி! கார்னருக்கு முன்னேறித் தலையால் முட்டும் டிஃபென்டர்களைக் குறித்துவையுங்கள். மிட்ஃபீல்டர் என்று பதிவாகி முன்வரிசையில் ஆடுகிறவர்கள் இன்னும் லாபம். 2024–25இல் லிவர்பூலின் சாலா 29 கோலும் 18 அசிஸ்ட்டும் (கோலுக்குக் கொடுத்த பாஸ்) எடுத்தது அப்படித்தான்.

காயம், தடை, புதிதாக மாறிய கிளப் எல்லாவற்றையும் டிராஃப்ட் அன்று காலையில் ஒருமுறை பார்த்தால் போதும்.

டிராஃப்ட் முடிந்தபின் ஆள் மாற்ற வெய்வர் உண்டு, அதாவது யாரும் எடுக்காத ஆளைக் கேட்டு வரிசையில் காத்திருப்பது. டெட்லைனுக்கு 24 மணி நேரம் முன்பு யாருக்கு யார் என்று முடிவாகிவிடும்; பிறகு மிச்சமிருப்பவர்களை முந்துகிறவர் எடுத்துக்கொள்ளலாம். டெட்லைன் என்பது அந்தச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு. சனிக்கிழமை இங்கிலாந்தில் பகல் 12:30 ஆட்டம் என்றால் நமக்கு டெட்லைன் பிற்பகல் 3:30 மணி. அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் 4:30. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடுகிற நாள் அது. அந்த நேரத்தில் போனை எடுத்து அணியை மாற்ற முடியாது, வெள்ளிக்கிழமை ராத்திரியே போட்டு வைத்துவிடுங்க.