ரப்பர் இலை உதிரும்போது ஒரு வாழ்த்து அட்டை

வாழ்த்து அட்டை செய்ய, மை தொட்டுத் தாளில் குத்தும் இலையுதிர்கால ஸ்டாம்ப் செட்டுகள் கடையில் கிடைக்கும். அவற்றில் மேப்பிள், ஓக், பூசணிக்காய்தான் இருக்கும். அதெல்லாம் குளிர்நாட்டில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பார்க்கிற காட்சி. நமக்கு அப்போது மழைக்காலம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் ரப்பர் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். மரமெல்லாம் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, இலையை மொத்தமாகக் கொட்டும். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் பொங்கலும் அந்தச் சமயத்தில்தான் வரும். அதனால் நான் செய்கிற அட்டையில் ரப்பர் இலைதான் இருக்கும். கனடாவில் இருக்கும் சித்தி மகளுக்கும் அதையே அனுப்புகிறேன். மேப்பிளை அவள் வாசலிலேயே பார்க்கிறாளே.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் வாங்குங்கள். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் இரண்டு அட்டை கிடைக்கும். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் மடிப்பு வெடித்து வெள்ளை நார் தெரியும்.

ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்று சிற்றிலையாக வரும். இது நமக்கு வசதி. பெரிய அழிரப்பரில் ஒரே ஒரு சிற்றிலையைச் செதுக்கினால் போதும், மூன்று முறை குத்தலாம். பட்டர் பேப்பரில் பென்சிலால் வரைந்து, அதை ரப்பர்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இறங்கிவிடும். செதுக்கும்போது கத்தியின் நுனி கோட்டிலிருந்து வெளிப்பக்கம் பார்க்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். கோட்டுக்கு அடியில் குடைந்துவிட்டால் ஓரம் நாலு தடவை குத்துவதற்குள் மடங்கிப் பிய்ந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நிறம் ஏற்றுவதுதான். முதலில் மஞ்சள், அதன்மேல் ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு, கடைசியில் நுனியில் செம்பழுப்பு. எப்போதும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் மஞ்சள் இங்க் பேட் கறைபட்டுவிடும். அப்புறம் ஒரு முறை மை தொட்டு இரண்டு முறை குத்துங்கள். இரண்டாவது வெளிறி விழும். அது தூரத்தில் கிடக்கும் சருகாகத் தெரியும். அடர்ந்ததும் வெளிறியதும் கலந்து கிடந்தால்தான் தோட்டத்துத் தரை மாதிரி இருக்கும்.

பிக்மென்ட் மை (தாளின்மேல் படியும் நிறத்துகள் மை) அழகானது, ஆனால் மெதுவாகத்தான் காயும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் இருப்பதால் காற்றில் ஈரம் நிற்கும். அவசரமென்றால் தாளில் ஊறிச் சீக்கிரம் காயும் சாய மையே (dye ink) நல்லது. மிச்சத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி வையுங்கள்.

ஸ்டாம்புக்குப் பதில் இலையைத் தாளிலேயே வெட்டி ஒட்டவும் செய்யலாம். இதுதான் டை கட் (die cut): டை என்ற உலோக வெட்டு அச்சைத் தாள்மேல் வைத்து, இரண்டு பிளாஸ்டிக் பிளேட்டுக்கு நடுவே மெஷினில் அழுத்தி வெட்டுவது. இதற்கு ரப்பர் இலை அச்சைத் தேடி அலைய வேண்டாம். இரு நுனியும் கூரான சாதாரண இலை டை போதும். வெட்டும் விளிம்பு தாளைப் பார்த்து இருக்கட்டும், நகராமல் இருக்க மெல்லிய டேப் ஒட்டுங்கள். தடித்த தாள் என்றால் மெஷினில் இரண்டு முறை ஓட்டுங்கள். பிளேட் வளைந்தால் அடுத்த முறை திருப்பிப் போடுங்கள். மூன்று துண்டையும் அடியில் ஒன்றுசேர்த்து ஒட்டி, காம்பைப் பேனாவால் வரைந்துவிடலாம். சிவந்த பாதாம் இலை வேண்டுமா? அதற்கு நுனியை நோக்கி அகலும் டை வேண்டும்.

ஒட்டுவதற்கு இரட்டைப் பக்க டேப்தான் சரி. தண்ணீர் கலந்த பசை தாளைச் சுருட்டும். வாழ்த்தைக் கையால் எழுதுங்கள். எந்த ஸ்டாம்பும் உங்கள் கையெழுத்துக்கு ஈடாகாது.

தபாலில் அனுப்பும் அட்டையில் ஃபோம் டேப் (இலையைத் தூக்கிக் காட்டும் தடித்த பஞ்சு டேப்) வேண்டாம், வழியில் நசுங்கும். தட்டையாக ஒட்டினால் அட்டை ஒன்பது கிராம்தான் வரும். உறையும் இலைகளும் சேர்ந்தாலும் 20 கிராமுக்குள் அடங்கும்.