பள்ளியில் கருவியிசை வகுப்பு தொடங்குவது எப்படி?

பள்ளியில் மிருதங்கமோ வயலினோ புல்லாங்குழலோ கற்றுத்தரலாம் என்று முடிவானதும் தலைமையாசிரியரும் பெற்றோரும் முதலில் தேடுவது ஆசிரியரை. அடுத்து, கருவி வாங்கப் பணத்தை. இரண்டும் கிடைத்து விஜயதசமியன்று மாலை மரியாதையுடன் தொடங்கிய வகுப்பு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது பாதியாகக் குறைந்து, அடுத்த ஜூன் மாதம் பூட்டிய அறையில் தூசி படிந்த கருவிகளாக மட்டும் மிஞ்சி நிற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில் பிள்ளையின் கையில் கருவி இருப்பதில்லை. வாரத்தில் இருமுறை முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டு மற்ற நாள்களில் தொடாமலே இருந்தால், விரலுக்கு எதுவும் படியாது. ஒவ்வொரு வகுப்பும் முதல் வகுப்பாகவே இருக்கும். ஆகவே எந்தக் கருவி, எத்தனை பேர், எந்த நேரம், யார் செலவு என்பவற்றையெல்லாம் 'இந்தப் பிள்ளை எங்கே, எப்போது சாதகம் (தினசரி வாசிப்புப் பயிற்சி) செய்யும்?' என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வீணை அழகான கருவிதான். ஆனால் அதைப் பேருந்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, பள்ளியில் இரண்டு வீணைக்கு மேல் வைப்பதும் கடினம். எனவே வீணை வகுப்பு என்றால், அந்த இரண்டையும் முறைவைத்துத் தினமும் பயன்படுத்தும் நான்கைந்து பிள்ளைகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது. இதற்கு நேர்மாறானது புல்லாங்குழல். விலை குறைவு, புத்தகப்பையில் அடங்கும், ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம். வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். எல்லாக் குழல்களும் ஒரே கட்டையில் (சுருதியின் அளவு) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து ஊதும்போது காது கூசும். குழல் நீளமாக இருந்தால் சிறு விரல்கள் துளைகளை எட்டாது என்பதால், தொடக்கத்துக்கு ஐந்து கட்டை அல்லது அதற்கும் மேற்பட்ட சுருதியில் அமைந்த சிறிய குழலே ஏற்றது. கடைவீதியில் பொம்மையாக விற்கும் குழலில் சுருதி சேராது. கருவி செய்பவரிடமோ இசைக்கருவிக் கடையிலோ ஆசிரியரை உடனழைத்துச் சென்று வாங்க வேண்டும்.

வயலினில் கால், அரை, முக்கால், முழு என அளவுகள் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அரை அளவும், பத்து வயதுக்கு முக்கால் அளவும் பொருந்தும் என்றாலும், கை நீளத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும். 'வளர்ந்தபின்பும் ஆகுமே' என்று முழு வயலின் வாங்கிக் கொடுப்பது, பெரியவர் செருப்பைச் சிறுவனுக்கு மாட்டுவதைப் போன்றது. பிள்ளைகள் வளர வளர அளவு மாறும் என்பதால், சிறு அளவு வயலின்களைப் பள்ளியே வைத்திருந்து இரவல் கொடுப்பதுதான் பெற்றோருக்குச் சிக்கனம். கருநாடக இசையா மேற்கத்திய இசையா என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். கருவி ஒன்றுதான், ஆனால் தந்திகளைச் சுருதி கூட்டும் முறையும், தரையில் அமர்ந்து கருவியின் தலைப்பைக் காலில் தாங்கி வாசிப்பதா, நின்று தோளில் தாங்கி வாசிப்பதா என்ற நிலையும் முற்றிலும் வேறு. ஆண்டுக்கொரு ஆசிரியர் மாறி, முறையும் மாறினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

மிருதங்கத்தில் பலரும் எதிர்பாராத வேலை ஒன்று இருக்கிறது. 'தொப்பி' எனப்படும் இடப்பக்கத் தோலில் வாசிக்கும் முன் ரவையை நீரில் பிசைந்து அப்ப வேண்டும்; வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் கெடும். மழைக்காலத்தில் வார் தளர்ந்து சுருதி இறங்கும். விளிம்பைத் தட்டிச் சரிசெய்யக் கற்றவர் ஒருவர் பள்ளியில் இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் கருவிகள் சும்மா கிடக்கும். பல மிருதங்கங்கள் வாங்கினால், குழலைப் போலவே, அனைத்தையும் ஒரே சுருதிக்குச் செய்யச் சொல்லி வாங்க வேண்டும். எடையும் அதிகம், பிள்ளை சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகும் கருவி அல்ல.

நிறையப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் சேர்க்க வேண்டுமானால் பறையை மிஞ்சிய கருவி இல்லை. இருபது பேர் வட்டமாக நின்று ஒரே அடவில் அடிக்கும்போது, தாளம் தவறுபவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தே திருத்திக்கொள்வான். தோல் பறையை நெருப்பில் காய்ச்ச வேண்டும் என்பதால் அந்த வேலையைப் பெரியவரே செய்ய வேண்டும்; செயற்கைத் தோல் பறையில் இந்தத் தொல்லை இல்லை. 'சாவுக்கு அடிப்பதை ஏன் சொல்லித்தருகிறீர்கள்?' என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இருப்பார்கள். அவர்களுக்கான விடையைப் பள்ளி முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். எந்தக் கருவிக்கு யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தலைமையாசிரியர் தாமே ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. பறைக்கு ஒரு தெருப் பிள்ளைகளும் வயலினுக்கு இன்னொரு தெருப் பிள்ளைகளும் மட்டுமே இருந்தால், சேர்க்கையை மீண்டும் நடத்த வேண்டும்.

கீபோர்டு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுருதி கூட்ட வேண்டியதில்லை, காதொலிப்பான் மாட்டினால் பக்கத்து வகுப்புக்குத் தொல்லையில்லை. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு அது ஒத்துவராது என்பது தெரிந்தே தேர்ந்தெடுக்கலாம்.

முதல் மாதம் கருவியில்லாமல்

கருவிகள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் நான்கு வாரங்களில் ஆதி தாளத்தைக் கையால் போடுவது, 'தகதிமி' போன்ற தாளச் சொற்கட்டை வாயால் சொல்வது, தொடக்கச் சுரப் பயிற்சியான சரளி வரிசையைச் சுருதிப் பெட்டியுடன் பாடுவது ஆகியவற்றை மட்டும் நடத்தினால் போதும். வாயால் சொல்ல முடியாததை விரலால் வாசிக்க முடியாது என்பது ஆசிரியர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வது. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: நண்பன் சேர்ந்ததால் சேர்ந்த பிள்ளைகள் இந்த மாதத்திலேயே விலகிவிடுவார்கள், மிஞ்சும் எண்ணிக்கைக்கு மட்டும் கருவி வாங்கினால் பணம் வீணாகாது.

ஆசிரியர்

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை, 17 மாவட்டங்களில் இசைப்பள்ளிகளை நடத்துகிறது; அங்கே குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவை மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. அருகிலுள்ள நிறுவனத்தின் தலைமையாசிரியருக்கோ முதல்வருக்கோ கடிதம் எழுதிக் கேட்டால், படித்து முடித்து வேலை தேடும் இளைஞர்களின் பெயர்கள் கிடைக்கும். அரசுப் பள்ளியானால், 2012ஆம் ஆண்டில் அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் இசை கற்பிப்பவர் அருகில் யாரேனும் இருக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும். ஆசிரியர் கிடைக்கவே இல்லையென்றால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் மாலையிலும் விடுமுறை நாளிலும் நடத்தும் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, சாதகத்துக்கான இடத்தை மட்டும் பள்ளி தரலாம்.

தேர்வு செய்யும்போது வித்துவானைக் கச்சேரி செய்யச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. நான்கு பிள்ளைகளை அவர் முன் உட்காரவைத்து அரை மணி நேரம் கற்பிக்கச் சொல்ல வேண்டும். தவறு செய்த பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார், பின்தங்கிய பிள்ளையைக் கவனிக்கிறாரா என்பதைப் பார்த்தால் போதும். கச்சேரி செய்பவரானால் மார்கழியில் வர மாட்டார். நாதசுரம், தவில் கலைஞரானால் முகூர்த்த நாள்களில் வர மாட்டார். அது அவர் பிழைப்பு. குறை சொல்ல முடியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியை விரித்து, அந்த நாள்களை நீக்கி, ஈடுசெய்யும் வகுப்புகளையும் எழுதிவைத்துவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது.

சம்பளத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பேசுவதைவிட மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, வங்கிக் கணக்கில் செலுத்துவதே நல்லது. தலைக்கணக்கில் பேசினால், பிள்ளைகள் குறையும்போது ஆசிரியரின் வருமானமும் குறைந்து அவரும் போய்விடுவார். அல்லது, கற்பிக்க முடியாத அளவுக்குக் கூட்டத்தைச் சேர்ப்பார். என் அனுபவத்தில் ஓர் ஆசிரியர் வயலினுக்கு ஐந்து பேர், மிருதங்கத்துக்கு எட்டுப் பேர் என்ற அளவைத் தாண்டினால் கைப்பிடியைத் திருத்த நேரம் போதாது.

வெளியாள் ஒருவர் பள்ளிக்குள் வருகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, அடையாள ஆவண நகல், கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகிய மூன்றும் கோப்பில் இருக்க வேண்டும். கருவி கற்பிக்கும்போது விரலையும் மணிக்கட்டையும் தொட்டுத் திருத்த வேண்டிவரும். அதனால்தான் வகுப்பு கதவு திறந்த அறையில், குறைந்தது இரண்டு பிள்ளைகளாவது இருக்கும்படி நடக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பற்றி ஆசிரியருக்கும், 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ஆகியவற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரமும் இடமும்

ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்றைவிட முக்கால் மணி நேர வகுப்பு இரண்டு மேலானது. பள்ளி விட்டபின் வைத்தால் பேருந்தில் போகும் பிள்ளைகள் விடுபடுவார்கள். பாடவேளையில் வைத்தால் கணக்கு ஆசிரியர் சண்டைக்கு வருவார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. பாடவேளையில்தான் நடத்த முடியும் என்றால், இந்த வாரம் செவ்வாய் மூன்றாம் பாடவேளை, அடுத்த வாரம் நான்காம் பாடவேளை எனச் சுழற்சி முறையில் அமைத்து, ஒரே பாடம் மீண்டும் மீண்டும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு, அட்டவணையை ஆசிரியர் அறையில் ஒட்டிவிட வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளும் விடுமுறைகளும் போக, ஓராண்டில் முப்பது வாரங்கள் கிடைத்தாலே பெரிது. பத்தாம் வகுப்பு வந்ததும் பெற்றோர் நிறுத்திவிடுவார்கள் என்பதும் தெரிந்ததே. ஆகவே நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் அறிவுடைமை.

இனி சாதகம். கருவி வைக்கும் அறையைக் காலை வழிபாட்டுக்கு அரை மணி நேரம் முன்பும் மதிய இடைவேளையிலும் திறந்துவைத்து, ஒரு பொறுப்பாசிரியர் மேற்பார்வையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாள்தோறும் இருபது நிமிடம் கிடைக்கும்படி முறை வகுக்க வேண்டும். மூத்த மாணவர் ஒருவரிடம் சாவியையும் பதிவேட்டையும் கொடுத்தால், ஆசிரியர்களைவிட ஒழுங்காக நடத்துவார். வயலின், குழல் போன்ற எளிதில் தூக்கக்கூடியவற்றை வெள்ளி மாலை வீட்டுக்குக் கொடுத்துத் திங்கள் காலை திரும்பப் பெறலாம். உடைந்துவிடும் என்ற அச்சத்தில் பூட்டிவைக்கும் பள்ளிகள் உண்டு. உடையாத கருவி வாசிக்கப்படாத கருவிதான். கொடுக்கும்போது எண், நிலை, பெற்றோர் கையொப்பம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

பணம்

அரசுப் பள்ளியில் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, முன்னாள் மாணவர்களை அணுகுவதும், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகக் கேட்பதும் நேரான வழிகள். கொடையாளர்கள் கருவி வாங்கித் தந்து படம் எடுத்துக்கொள்ள விரும்புவார்கள். அவர்களிடம் ஆசிரியர் சம்பளத்தையும், தந்தி, தோல், வார் மாற்றும் செலவையும் சேர்த்து மூன்றாண்டுக்குக் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. தனியார் பள்ளியானால், இது விருப்பப் பாடம் என்பதையும், பருவத்துக்கு எவ்வளவு, நடுவில் விலகினால் என்ன ஆகும் என்பதையும் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும்.

மேடை

மூன்றாம் மாதத்திலேயே ஆண்டு விழாவுக்கு ஒரு திரைப்பாட்டைப் பழக்கத் தொடங்கினால் அடிப்படைப் பயிற்சி அத்தோடு நின்றுவிடும். காலை வழிபாட்டுக் கூட்டமே நல்ல மேடை. தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகத்தில் அமைந்தது. 2021ஆம் ஆண்டு அரசாணைப்படி 55 வினாடியில் பாடி முடிக்க வேண்டியது. குழலும் வயலினும் ஓராண்டு பழகிய பிள்ளைகள் பாடுபவர்களுக்குத் துணையாக அதை வாசிக்கலாம். நாள்தோறும் வாசிக்க ஒரு காரணமும் கிடைக்கும். 2022-23ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் கருவியிசைப் போட்டியும் உண்டு. மேற்கத்திய இசை கற்பவர்கள், விரும்பினால், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டு நிலைத் தேர்வுகளை எழுதலாம், அவசரமில்லை.

ஏப்ரல் இறுதியில் கருவிகளை அடுக்கி வைக்கும் முன், வயலின் தந்திகளைச் சற்றே தளர்த்தி, வில்லின் முடியையும் தளர்த்தி, பெட்டியைச் சுவரோரம் வைக்காமல் மேசை மேல் வைக்க வேண்டும். தோல் மாற்ற வேண்டிய மிருதங்கங்களை மே முதல் வாரத்திலேயே பட்டறைக்கு அனுப்பிவிட வேண்டும். ஜூனில் அனுப்பினால், எல்லாப் பள்ளிகளின் மிருதங்கங்களோடும் சேர்ந்து அவை வரிசையில் நிற்கும். விடுமுறையிலும் வாசிப்பேன் என்று கேட்கும் பிள்ளைக்குப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கருவியைக் கொடுத்தனுப்பலாம்.