எழுத்தா, வானம்பாடியா?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் புதுக்கவிதைக் கேள்விகளில் அடிக்கடி தடுமாறுவது இந்த இரண்டு இதழ்களில்தான். ஊரையும் ஆண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்: சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ சென்னை, 1959. ‘வானம்பாடி’ கோவை, 1971. ந. பிச்சமூர்த்தி, பிரமிள், சி. மணி, பசுவய்யா என்றால் எழுத்து. (பசுவய்யா வேறு யாருமல்ல, சுந்தர ராமசாமிதான், இதைத் தனியாகவும் கேட்பார்கள்.) புவியரசு, ஞானி, சிற்பி என்றால் வானம்பாடி.

பெயர் மறந்துவிட்டதா? கவிதையின் குரலைக் கவனியுங்கள். தனிமனிதனின் மனதுக்குள் இறுக்கமாகப் பேசினால் பெரும்பாலும் எழுத்து. சமூக மாற்றம் வேண்டி உரக்கப் பேசினால் வானம்பாடி. ‘மானுடம் பாடும் வானம்பாடிகளின் விலையிலாக் கவிமடல்’ என்றே தங்கள் இதழை அழைத்தவர்கள் அவர்கள். நேரமிருந்தால் பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதையை முழுதாக வாசித்துவிடுங்கள்.